அங்கீகரிக்கப்பட்ட ஊக்கம்

தொழிலாளர் தகுதிச் சான்று வாரியம் பாய்லரைப் பற்றிக் கேள்வி கேட்பதை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தது. ஆரம்பத்தில் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். தண்ணீர் மட்டம் இறங்கினால் என்ன செய்வாய், சேஃப்டி வால்வு எதற்கு என்றெல்லாம் கேட்டு, சரியாகச் சொன்னவனுக்கு லைசென்ஸ் கொடுத்து அனுப்பினார்கள். அப்புறம் வாரியத்தின் செயலாளர் கிருஷ்ணஸ்வாமி சர்க்கார் செலவில் சீமைக்குப் போய்வந்தார். தொழிலாளிக்கு என்ன தெரியும் என்பது முக்கியமே இல்லை, அவன் எதற்காக லைசென்ஸ் கேட்கிறான் என்பதுதான் முக்கியம் என்று அங்கே யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அந்த ‘எதற்காக’வுக்கு ஊக்கம் என்று பெயர் வைத்து, சென்னை அலுவலகத்தில் ஊக்கப் பிரிவு ஒன்றைத் திறந்தார்கள். அதற்கு மேஜை வந்தது, மின்விசிறி வந்தது, மணி அடித்தால் வராமலிருக்க ஒரு பியூனும் வந்தான்.

“ஊக்கமில்லாத தொழிலாளி உண்டாக்கும் நீராவியில் தரம் இருக்காது” என்று செயலாளர் ஒரு கூட்டத்தில் பேசியதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள். நீராவியை நேரில் கண்ட யாரும் அந்தக் கூட்டத்துக்கு அழைக்கப்படவில்லை.

கும்மிடிப்பூண்டித் தவிட்டு எண்ணெய் ஆலையில் பாய்லருக்கு உமி தள்ளுகிற தேசப்பனுக்கு இந்த வரலாறு தெரியாது. லைசென்ஸ் வேண்டும் என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரியும். ஏன் வேண்டும் என்பதும் தெரியும். அந்தக் காரணம் அவன் வீட்டிலேயே தட்டு கழுவிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அவனுடைய அக்கா மணியம்மாள்தான் அது. அவள் புருஷன் பக்கத்து ஆலை ஒன்றில் பாய்லர் ஓட்டினான். லைசென்ஸ் கிடையாது. ஒரு நாள் நீராவிக் குழாய் வெடித்து, வெந்து செத்துப்போனான். விசாரணைக்கு வந்தவர்கள் பாய்லர் ரூம் வாசலில் இருந்த போர்டைப் படித்தார்கள். ‘லைசென்ஸ் இல்லாதவர்கள் உள்ளே நுழையக் கூடாது’ என்று அதில் எழுதியிருந்தது. செத்தவனிடம் லைசென்ஸ் இல்லை. எனவே செத்தவன் அத்துமீறி நுழைந்தவன் என்று முடிவாயிற்று. வருஷக்கணக்காக தினமும் காலையில் அத்துமீறி நுழைந்து மாலையில் வெளியே வந்தவனுக்குச் சம்பளம் ஏன் கொடுத்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. அவன் மேல் கேஸ் போடாமல் விட்டது பெரிய மனசு என்று அந்த ஆலைக்காரர்கள் மணியம்மாளிடம் சொல்லி அனுப்பினார்கள். அவள் தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அன்றிலிருந்து தேசப்பன் தன் மனைவி சின்னப்பொண்ணுவின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம், அதற்குப் பின்னால் அக்காவின் முகமும் தெரிந்தது.

வாரியத்தின் நேர்காணலுக்குச் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு ரயில் ஏறினான். மேஜைக்கு அந்தப் பக்கம் கிருஷ்ணஸ்வாமியே உட்கார்ந்திருந்தார்.

“எதுக்காகப்பா லைசென்ஸ் கேக்கறே?”

இதைவிடச் சுலபமான கேள்வியைத் தேசப்பன் வாழ்நாளில் கேட்டதில்லை.

“நான் செத்துப்பூட்டா என் சம்சாரத்துக்கு நஷ்டஈடு குட்க்கணும் சார். லைசென்ஸு இல்லாங்காட்டி ஒண்ணியும் குட்க்க மாட்டாங்க.”

கிருஷ்ணஸ்வாமி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அவர் முகத்தில் நிஜமாகவே வருத்தம் தெரிந்தது.

“இது ஊக்கம் இல்லேப்பா. பயம். ஊக்கம்னா மேலே பாக்கணும். நீ குழியைப் பாக்கறே. சாகறதுக்காக லைசென்ஸ் கேக்கறவனுக்கெல்லாம் நாங்க லைசென்ஸ் கொடுத்தா, வாரியத்தைப் பத்தி ஜனங்க என்ன நினைப்பா? மனைவிங்கறது ஊக்கப் பட்டியல்லயே இல்லை. சீமையிலேர்ந்து வந்த பட்டியல் அது.”

“அப்ப இன்னா சார் சொல்லணும்?”

“அதை நான் சொல்லக் கூடாது. உனக்குள்ளே இருந்து வரணும். வரலேன்னா பயிற்சி இருக்கு. அங்கே வரவழைப்பாங்க.”

பயிற்சி திருவள்ளூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முந்தின நாள் கல்யாணத்தின் வாழை மரம் வாசலில் அப்படியே நின்றது. தேசப்பனைப் போலவே ஊக்கத்தில் தவறியவர்கள் நிறையப் பேர் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். லைசென்ஸ் இல்லாதவனுக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்று மாமன் சொல்லிவிட்டதாகக் கடம்பத்தூர் வெல்டர் ஒருவன் வாரியத்திடம் சொல்லியிருந்தான். வேப்பம்பட்டு வயர்மேன் ஒருவன், லைசென்ஸ் இருந்தால் மேஸ்திரி தன்னை அடிக்க யோசிப்பான் என்று சொல்லியிருந்தான். இவையெல்லாம் ‘பிழை ஊக்கங்கள்’ என்று கரும்பலகையில் எழுதப்பட்டிருந்தன.

பயிற்சியாளர் எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னார். இருட்டில் லைசென்ஸ் ஒளிவீசித் தெரிகிறதா என்று கேட்டார். முதலில் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தவர்களுக்குத்தான் சாப்பாடு என்று அறிவித்ததும் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. சாப்பிட்ட பிறகு சரியான ஊக்கங்களை உரக்கச் சொல்ல வைத்தார்கள். தேசத்தின் உற்பத்தியைப் பெருக்குவேன். அறிவுத் தாகம் தணிப்பேன். என்னை நானே உயர்த்திக்கொள்வேன். கல்யாண மண்டபம் அதிர்ந்தது. அடுத்த முகூர்த்தத்துக்குப் பந்தல் போட வந்தவர்கள் ஏதோ கட்சிக் கூட்டம் என்று நினைத்து வெளியிலேயே நின்றுவிட்டார்கள்.

இத்தோடும் முடியவில்லை. ஊக்கம் உண்மையானதுதான் என்று ஒரு கெஜட்டட் அதிகாரி சான்று தர வேண்டும். தேசப்பனுக்கு எட்டுகிற தூரத்தில் இருந்த ஒரே கெஜட்டட் அதிகாரி மாட்டாஸ்பத்திரி டாக்டர். அவர் பழக்க தோஷத்தில் அவனை நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். கண் இமையை இழுத்துப் பார்த்தார். ஊக்கம் நன்றாக இருப்பதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இரண்டாவது நேர்காணலில் தேசப்பன் ஒரு மூச்சில் ஒப்பித்தான்.

“தேசத்தோட உற்பத்திய பெருக்கறதுக்கும் அறிவுத் தாகம் தணிக்கறதுக்கும் சார்.”

“உனக்குள்ளேர்ந்து வந்துதா?”

“ஆமா சார். திருவள்ளூர்ல வந்துச்சு.”

கிருஷ்ணஸ்வாமிக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு மனிதன் மாறுவதைக் கண்ணால் பார்க்கும் பாக்கியம் எல்லாருக்கும் கிடைப்பதில்லை என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். தேசப்பனுக்கு லைசென்ஸ் வந்தது. புகைப்படம் ஒட்டி, முத்திரை குத்திய கெட்டிக் காகிதம். சின்னப்பொண்ணு அதைப் புடவைத் தலைப்பால் துடைத்துப் பார்த்தாள். மணியம்மாள் தொடவில்லை. எட்டத்தில் இருந்தே பார்த்துவிட்டு, “நல்லதுடா” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஆலை மேனேஜர் ஸம்பத்குமார் லைசென்ஸை ஆசையோடு கையில் வாங்கினார். கண்ணாடிச் சட்டம் போட்டு, பாய்லர் ரூம் சுவரில் ஆணியடித்து மாட்டினார். மறுநாள் தேசப்பனை உமிக் களத்துக்கு மாற்றினார். லைசென்ஸ்காரனைப் பாய்லரில் வைத்தால் கூடுதல் சம்பளம் தர வேண்டும், எட்டு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தக் கூடாது. காகிதத்துக்கு அந்தத் தொல்லை கிடையாது. சுவரில் இரவு பகலாகத் தொங்கும்.

களத்தில் உமி சுமந்துகொண்டிருந்த சுப்பிரமணி பாய்லருக்குப் போனான்.

“அவனுக்கு லைசென்ஸு இல்லியே சார்?” என்று கேட்டான் தேசப்பன்.

“உன்னுது இருக்கே.”

“நான் இங்க கீறேனே சார்.”

“லைசென்ஸ் அங்கே இருக்கு. சட்டம் கேக்கறது லைசென்ஸை. உன்னை இல்லை.”

கும்மிடிப்பூண்டியில் அப்போது எல்லா ஆலையிலும் இதுதான் வழக்கம். வந்து பார்க்கிறவர்கள் சுவரைப் பார்த்துவிட்டுப் போவார்கள். அடுப்பின் முன்னால் நிற்கிறவனைப் பார்ப்பது அவர்கள் வேலை இல்லை. தேசப்பனுக்கு மனசு கேட்கவில்லை. சுப்பிரமணிக்குக் கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. சாப்பாட்டு வேளையில் அவனைப் பிடித்துக்கொண்டான்.

“டேய், நீயும் மனு போட்றா. என் மச்சான் கதி உனுக்கு வாணாம்.”

“இன்னா ஊக்கம்னு கேட்டா இன்னாண்ணா சொல்றது? எனுக்கு லட்சுமிய வுட்டா வேற ஊக்கம் இல்லியே.”

“அத்த மட்டும் வாயத் தொறந்து சொல்லிடாத.”

சுப்பிரமணி சிரித்துவிட்டு மனுப் போட்டான். வாரியத்திலிருந்து பதில் வர நாளாயிற்று.

இதற்கிடையே ஆயுத பூஜை வந்தது. ஆலையைக் கழுவி, பூசணிக்காய் உடைத்து, எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்தார்கள். பாய்லருக்குப் பெரிய மாலை. மண்வெட்டிக்கும் தள்ளுவண்டிக்கும் சின்ன மாலை. சேஃப்டி வால்வின் மேல், நீராவி வீணாக வெளியே போகாமலிருக்க மேனேஜர் ஏற்றி வைத்திருந்த இரும்புக் குண்டுக்கும் மறக்காமல் பொட்டு வைத்தார்கள். லைசென்ஸும் தொழில் கருவிதானே. அதற்கும் குங்குமம் வைத்து, மாலை போட்டார்கள். குங்குமம் புகைப்படத்தின் நெற்றியில் சரியாக விழுந்தது.

பொரி கடலை வாங்க வந்த சின்னப்பொண்ணு அதைப் பார்த்துவிட்டுப் பதறிப்போனாள்.

“யோவ், உசுரோட கீற மனுசன் போட்டோவுக்கு எவன்யா மால போட்டது? கழட்டுங்கய்யா!”

“அது போட்டோ இல்லேம்மா, லைசென்ஸ்” என்றார் ஸம்பத்குமார். “பூஜை போட்ட மாலையைக் கையால கழட்டக் கூடாது. வாடித் தானா விழணும்.”

விஜயதசமியன்று நல்ல நேரம் பார்த்து வேலை தொடங்கினார்கள். ஓய்ந்திருந்த நாளையும் சேர்த்து எண்ணெய் எடுத்துவிட வேண்டும் என்று மேனேஜருக்கு அவசரம். உமியை ஏற்று, ஏற்று என்றார். சுப்பிரமணி ஏற்றினான். வால்வு திறக்கப் பார்த்தது. பொட்டு வைத்த குண்டு அதைத் திறக்க விடவில்லை.

உமிக் களத்தில் இருந்த தேசப்பன் முதலில் இடி என்றுதான் நினைத்தான். ஓடிப் போனபோது பாய்லர் ரூமின் கூரையைக் காணோம். சுப்பிரமணியை அடையாளம் கண்டது அவன் ஒருவன்தான், அதுவும் கையில் கட்டியிருந்த கறுப்புக் கயிற்றை வைத்து. பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். மூன்று சுவர்கள் விழுந்திருந்தன. லைசென்ஸ் மாட்டியிருந்த சுவர் மட்டும் நின்றது.

விசாரணைக்குக் கிருஷ்ணஸ்வாமியே காரில் வந்து இறங்கினார். இடிபாடுகளுக்கு நடுவே சுற்றுமுற்றும் பார்த்தார். நின்ற சுவரில் கண் போயிற்று. சட்டம் போட்ட படம், நெற்றியில் குங்குமம், கழுத்தில் மாலை. அவர் செருப்பைக் கழற்றினார். கையைக் கட்டிக்கொண்டு தலைகுனிந்து நின்றார். கூட வந்தவர்களும் கழற்றிவிட்டு நின்றார்கள். பிறகு தன் உதவியாளரிடம் சொன்னார்:

“எழுதிக்கோ. லைசென்ஸ் பெற்ற தொழிலாளி தேசப்பன், பணியில் இருக்கும்போது மரணம்.”

“சார், நான்தான் சார் தேசப்பன்” என்றான் தேசப்பன்.

“அழாதேப்பா. உன் துக்கம் புரியறது.”

“துக்கம் இல்ல சார். நான் உசுரோட கீறேன். செத்தது சுப்பிரமணி.”

கிருஷ்ணஸ்வாமி அவனைக் கனிவோடு பார்த்தார். “எந்த ஊக்கத்தினால நீ உயிரோட இருக்கறதாச் சொல்றே?”

அந்தக் கேள்விக்குத் திருவள்ளூரில் பயிற்சி தரவில்லை.

ஸம்பத்குமார் அவனைத் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப் போனார். அதுவரை அவர் எந்தத் தொழிலாளியின் தோளிலும் கைபோட்டதில்லை.

“யோசிச்சுப் பாரு. நீ உயிரோட இருக்கேன்னு வெச்சுக்கோ. அப்போ பாய்லர்ல இருந்தவனுக்கு லைசென்ஸ் இல்லை. அத்துமீறி நுழைஞ்சவன். அவன் சம்சாரத்துக்கு ஒண்ணும் கிடையாது. லைசென்ஸ்காரன் நீ எங்கே போனே? உமிக் களத்துக்கு. கடமை தவறினே. நீ ஜெயிலுக்குப் போவே, உன் சம்சாரத்துக்கும் ஒண்ணும் கிடையாது. இப்போ நீ செத்துட்டேன்னு வெச்சுக்கோ. எல்லாம் சட்டப்படி சரியா இருக்கு. உன் சம்சாரத்துக்கு இரங்கல் கூட்டத்துல மேடையிலேயே நஷ்டஈடு. இதுக்குத்தானேப்பா நீ லைசென்ஸே எடுத்தே?”

“சுப்பிரமணி, சார்?”

“அவன் சாகவே இல்லையே. நாளைக்கு வேலைக்கு வரணும் அவன்.”

தேசப்பன் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னான். மணியம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள். சின்னப்பொண்ணு தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“நஷ்டஈடு வாங்கணும்னா நான் பொட்ட அழிச்சிக்கினு, தாலிய கழட்டிக்கினு மேட ஏறணுமா? நீ கீழ நின்னு பாத்துக்கினு இருப்பியா?”

“வாங்கி லட்சுமி கைல குட்த்துடலாம். இல்லாங்காட்டி அவளும் நம்ம அக்கா மாதிரிதான், சின்னப்பொண்ணு. எவன் ஊட்லயாவது தட்டு கழுவணும்.”

“அப்ப அவளயே அனுப்பு. அழிச்ச பொட்டு அங்க ஒண்ணு கீதில்ல. அவதான் சின்னப்பொண்ணுன்னு சொல்லு. என் பேர எடுத்துக்கட்டும். பேருதான, போனாப் போவுது.”

இதைவிட நியாயமான தீர்ப்பை எந்த வாரியமும் எழுதியதில்லை. ஆனால் சொல்லி முடித்ததும் சின்னப்பொண்ணு உடைந்து அழுதாள். என்ன கொடுத்துவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

இரங்கல் கூட்டம் அதே திருவள்ளூர் கல்யாண மண்டபத்தில் நடந்தது. கிருஷ்ணஸ்வாமி மைக்கின் முன் நின்று மேடைத் தமிழில் பேசினார்.

“அமரர் தேசப்பன் முதன்முதலில் எங்கள் முன் வந்தபோது, நான் இறந்தால் என் மனைவிக்கு நஷ்டஈடு வேண்டும் என்றார். அது பிழை ஊக்கம் என்று நாங்கள் திருப்பி அனுப்பினோம். ஆனால் அவர் தன் ஊக்கத்தைக் கைவிடவில்லை. செத்துக் காட்டினார்! எத்தனையோ பேர் உற்பத்தியைப் பெருக்குவேன் என்றார்கள், பெருக்கவில்லை. அறிவுத் தாகம் தணிப்பேன் என்றார்கள், தணிக்கவில்லை. சொன்ன ஊக்கத்தைச் சொன்னபடி நிறைவேற்றிய முதல் தொழிலாளி தேசப்பன்தான். இன்று முதல் அவருடைய ஊக்கம் எங்கள் பட்டியலில் முதலிடம் பெறுகிறது. ஒவ்வொரு தொழிலாளியும் அவரைப் பின்பற்ற வேண்டும் என்று வாரியம் கேட்டுக்கொள்கிறது.”

கைதட்டினார்கள். தேசப்பனும் பின்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினான், தட்டாமலிருந்தால் யாராவது பார்ப்பார்கள் என்று. “திருமதி சின்னப்பொண்ணு” என்று கூப்பிட்டார்கள். சுப்பிரமணியின் மனைவி லட்சுமி எழுந்து போனாள். உறையை வாங்கிக்கொண்டு இறங்கியவள், கூட்டத்தில் யாரையோ தேடினாள். தேசப்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஆலைக்குப் புது பாய்லர் வந்தது. இடிந்த சுவர்களைக் கட்டினார்கள். நின்ற சுவரை அப்படியே விட்டார்கள். பழைய இரும்புக் குண்டு பத்திரமாகக் கிடைத்திருந்தது, அதையும் புது வால்வின் மேல் ஏற்றினார்கள். தேசப்பன் சுப்பிரமணி என்ற பெயரில் வேலைக்கு வந்தான். சுப்பிரமணியின் வேலை பாய்லரில்.

சில மாதம் கழித்து, சுப்பிரமணி போட்ட மனுவுக்கு வாரியத்திலிருந்து அழைப்பு வந்தது. தேசப்பன் மறுபடி சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு ரயில் ஏறினான். மேஜைக்கு அந்தப் பக்கம் கிருஷ்ணஸ்வாமி. ஊக்கத்தைப் பார்ப்பவர் என்பதால் முகத்தைப் பார்க்கிற வழக்கம் அவருக்கு இல்லை. அவர் தலைக்கு மேல் சுவரில் புதுப் பட்டியல் தொங்கியது. முதல் வரியில் தேசப்பனின் பெயர் இருந்தது.

“எதுக்காகப்பா லைசென்ஸ்?”

தேசப்பன் இந்த முறை பயப்படவில்லை. உண்மையைச் சொல்லலாம் என்று சுவரே சொல்லிக்கொண்டிருந்தது.

“நான் செத்துப்பூட்டா என் சம்சாரத்துக்கு நஷ்டஈடு குட்க்கணும் சார்.”

கிருஷ்ணஸ்வாமியின் முகம் சிவந்தது.

“வெக்கமா இல்லை உனக்கு? இது அமரர் தேசப்பனோட ஊக்கம். உயிரைக் கொடுத்து சம்பாதிச்சது. நீ ரயில்ல வந்து இறங்கி அதைத் திருடிண்டு போகப் பாக்கறே. உனக்குன்னு சொந்தமா ஒரு ஊக்கம் கிடையாதா?”

“கெடையாது சார்” என்றான் தேசப்பன். அது பொய்யும் இல்லை.

மனு நிராகரிக்கப்பட்டது. மறுநாள் காலை அவன் பாய்லரின் முன் நின்று உமி தள்ளிக்கொண்டிருந்தபோது, சின்னப்பொண்ணு நாஷ்டா கொண்டுவந்தாள். வாசலில் ‘லைசென்ஸ் இல்லாதவர்கள் உள்ளே நுழையக் கூடாது’ என்று புதிதாக எழுதி மாட்டியிருந்த போர்டைத் தாண்டி உள்ளே வந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சுவரை நிமிர்ந்து பார்த்தாள். மாலை காய்ந்து சருகாகித் தொங்கியது. நாரில் நாலைந்து பூக்கள்தான் ஒட்டிக்கொண்டிருந்தன.

“அந்த மாலையையாவது கழட்டுய்யா. பாக்க முடியல.”

“வாணாம்மே” என்றான் தேசப்பன். “அத்த கழட்டிட்டா, லட்சுமிக்குக் குட்த்தத திருப்பிக் கேப்பாங்க.”

சின்னப்பொண்ணு தூக்குவாளியைத் தரையில் வைத்தாள். முந்தானையில் முடிந்து வைத்திருந்த பூவை எடுத்து, நாரில் பூ உதிர்ந்த இடம் பார்த்து, ஒவ்வொன்றாகச் செருகிவிட்டுப் போனாள்.